பழைய ஜீப் சூடேறுகிறதா? ஹெட்டைக் கழற்றும் முன் பார்க்க வேண்டியவை

என்னிடம் இருப்பது ஒரு மஹிந்திரா எம்.எம். 540. பியூஜோ வடிவமைப்பில் வந்த 2112 சிசி எக்ஸ்.டி.பி. 4.90 டீசல் இன்ஜின். மன்னார்குடிப் பக்கம் வயலுக்கும் வீட்டுக்கும், நெல் போடக் கொள்முதல் நிலையத்துக்கும், எப்போதாவது தஞ்சாவூருக்கும் ஓடுகிற வண்டி. சில வருடங்களுக்கு முன் அது சூடேற ஆரம்பித்தது. கேஸ்கட், அதாவது இன்ஜின் பிளாக்குக்கும் அதன்மேல் உட்காரும் ஹெட்டுக்கும் நடுவிலுள்ள அடைப்புத் தகடு, போய்விட்டது என்றார்கள். ஹெட்டை இறக்கி, லேத்தில் ஃபேஸிங் அடித்து, புது கேஸ்கட் போட்டு, பதினைந்து நாள் கழித்து வண்டி வந்தது. மறுநாளே தஞ்சாவூர் சாலையில் டெம்பரேச்சர் முள் மறுபடியும் சிவப்புக்குப் போய் நின்றது.

கோளாறைக் கண்டுபிடித்தவர் ரேடியேட்டர் பட்டறை வைத்திருந்த ஒரு பெரியவர். அவர் பானெட்டைக்கூடத் திறக்கவில்லை, முதலில் ஒரு கேள்விதான் கேட்டார்.

"எப்ப சூடாகுது தம்பி? நிக்கும்போதா, ஓடும்போதா?"

"ஓடும்போதுதாண்ணே. அறுபது, எழுபதுல போனா ஏறுது. வயக்கரையில எவ்வளவு நேரம் ஊர்ந்தாலும் ஒண்ணும் ஆகறதில்ல."

"அப்ப காத்துக்குக் குறை இல்ல, தண்ணிக்குத்தான் குறை. ஆக்ஸிலேட்டரைக் குடுத்துப் புடிங்க."

நான் மிதித்தேன். அவர் கீழ் ஹோஸைக் காட்டினார். இன்ஜின் வேகமெடுத்ததும் அந்த ரப்பர் குழாய் சப்பென்று ஒட்டிக்கொண்டது. உள்ளே இருக்க வேண்டிய சுருள் கம்பி துருப்பிடித்துக் கரைந்துபோயிருந்தது. வாட்டர் பம்ப் உறிஞ்சுகிற வேகத்தில் ஹோஸ் சுருங்கி, இன்ஜினுக்குத் தண்ணீர் வரும் வழியே அடைபட்டிருக்கிறது. அதை மாற்ற அரை மணி நேரம் ஆனது.

அன்றிலிருந்து நான் கடைப்பிடிக்கும் வரிசை இது. எம்.எம். 540 மட்டுமல்ல, மஹிந்திராவின் கமாண்டர், மேஜர், பழைய பொலீரோ என்று இன்ஜின் பெல்ட்டிலேயே ஃபேன் சுற்றுகிற எந்தப் பழைய ஃபோர் வீல் டிரைவுக்கும் பொருந்தும். செலவில்லாத சோதனைகள் முதலில், ஹெட் கடைசியில்.

வழியில் கொதித்துவிட்டால்

முள் மேலே போகிறது, ஆனால் ஆவி வரவில்லை, பெல்ட்டும் முழுசாக இருக்கிறது என்றால், ஓரமாக நிறுத்தி இன்ஜினை அணைக்காமல் ஐடிலுக்குக் கொஞ்சம் மேலே வைத்திருங்கள். ஃபேனும் பம்பும் ஓடட்டும். இரண்டு நிமிடத்தில் முள் இறங்காவிட்டால் அணைத்துவிடுங்கள். ஆவி பீய்ச்சினால், பெல்ட் அறுந்திருந்தால், தண்ணீர் கொட்டினால் யோசிக்காமல் உடனே அணைக்க வேண்டும்.

அப்புறம் மூடியைத் தொடாதீர்கள். ரேடியேட்டருக்குள் அழுத்தத்தோடு இருக்கும் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் நிற்கும். மூடி கழன்ற நொடியில் அது பொங்கிக் கொதித்து ஆவியோடு முகத்தில் அடிக்கும். மேல் ஹோஸைக் கையால் அழுத்த முடிகிற அளவு ஆறும் வரை, முக்கால் மணி நேரமானாலும், காத்திருங்கள். பிறகு ஈரச்சாக்கை நான்காக மடித்து மூடிமேல் போட்டு, முதல் நிறுத்தம் வரை மட்டும் திருப்பி, காற்று முழுக்கப் போனபின் எடுங்கள். கொதிக்கிற இன்ஜின்மேல் வாய்க்கால் தண்ணீரை மொண்டு ஊற்றுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். சூடான உலோகத்தில் பச்சைத் தண்ணீர் பட்டால் ஹெட் விரிசல் விடலாம், வளையலாம். உள்ளே தண்ணீர் சேர்ப்பதாக இருந்தாலும் இன்ஜின் ஆறிய பிறகு, கொஞ்சம் கொஞ்சமாகத்தான்.

முள் சொல்வது உண்மைதானா

இருபது, முப்பது வருட வண்டியில் மீட்டரையும் சந்தேகப்பட வேண்டும். குளிர்ந்த இன்ஜினில் சாவியைத் திருப்பியதுமே முள் ஹாட்டுக்கு ஓடினால், சென்சாருக்குப் போகும் ஒயர் எங்கோ உரசி பாடியில் எர்த் ஆகிறது. டீசல் முள்ளும் டெம்பரேச்சர் முள்ளும் சேர்ந்து ஏறினால் மீட்டருக்கு வரும் கரண்ட்டில்தான் கோளாறு.

தூரத்திலிருந்தே சூடு காட்டும் இன்ஃப்ராரெட் துப்பாக்கி ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பழைய வண்டிக்காரர் கையில் இருக்க வேண்டிய பொருள் அது. தெர்மோஸ்டாட் (இன்ஜின் சூடானதும் ரேடியேட்டருக்குத் தண்ணீர் வழியைத் திறக்கும் வால்வு) இருக்கும் மூடியில் கறுப்பு இன்சுலேஷன் டேப்பைத் துண்டாக ஒட்டி அதில் அடியுங்கள், பளபளப்பான அலுமினியம் தப்பான கணக்குக் காட்டும். 80 முதல் 95 டிகிரிக்குள் இருந்தால் இன்ஜின் நலம். முள் சிவப்பில் இருந்து துப்பாக்கி 88 காட்டினால் மாற்ற வேண்டியது சென்சாரோ மீட்டரோதான். 105-ஐத் தாண்டுகிறது என்றால் சூடு நிஜம்.

எப்போது சூடாகிறது?

ஒரு வாரம் வண்டியில் சின்ன நோட்டு வைத்து எழுதுங்கள். ஸ்பேனரைத் தொடவே வேண்டாம்.

நின்றாலோ ஊர்ந்தாலோ ஏறி, ஓடினால் இறங்கினால், காற்றுக் குறை. ஃபேன், பெல்ட், ஃபேனைச் சுற்றியுள்ள கூடு, ரேடியேட்டரின் வெளிப்பக்க அடைப்பு என்று தேடல் முன்பக்கத்திலேயே முடிந்துவிடும். மலைப்பாதை ஓட்டுகிறவர்களுக்கு ஏற்றம்தான் பயம். நமக்கு ஏற்றமே கிடையாது. வெண்ணாறு, வெட்டாறு, அரசலாறு என்று எந்தக் கரையில் போனாலும் முதல், இரண்டாம் கியரில் மணிக்கணக்காக ஊர்வதுதான் நம் வேலை. அதனால் காற்றுக் குறை இங்கே மற்ற எதையும்விட முதலில் தெரியும்.

இதற்கு நேர்மாறாக, நின்றால் சரியாக இருந்து நாகப்பட்டினம் சாலையில் வேகம் பிடித்ததும் ஏறினால் தண்ணீர் ஓட்டம் போதவில்லை. ரேடியேட்டரின் உட்குழாய்கள், கீழ் ஹோஸ், வாட்டர் பம்ப். என் வண்டிக்கு நடந்தது இதுதான். முதல் நாளே யாராவது இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் ஹெட் இறங்கியிருக்காது.

ஸ்டார்ட் செய்து ஐந்து, பத்து நிமிடத்திலேயே ஏறினால் தெர்மோஸ்டாட் திறக்கவில்லை, அல்லது உள்ளே காற்று அடைத்திருக்கிறது, அல்லது கேஸ்கட். கொள்ளிடம் படுகை மணலில் இழுக்கும்போதும் டிரெய்லர் மாட்டியபோதும் மட்டும் ஏறினால் ரேடியேட்டர் பாதி அடைத்திருக்கலாம், கிளட்ச் வழுக்கலாம், டீசல் பம்ப் டைமிங் தள்ளியிருக்கலாம், கேஸ்கட் கசிய ஆரம்பித்திருக்கலாம். நான்கில் எது என்று இந்த ஒரு அறிகுறியை வைத்துச் சொல்ல முடியாது, மேலும் சோதிக்க வேண்டும். முள் மேலும் கீழும் ஆடினால் உள்ளே காற்றுக்குமிழி இருக்கிறது அல்லது ஒயர் லூஸ்.

காலையில், இன்ஜின் ஆறியிருக்கும்போது

இரவு முழுக்க நின்ற வண்டியில் மூடியைத் திறங்கள். தண்ணீர் கழுத்துவரை இருக்கிறதா? குறைந்திருந்தால் எங்கே போனது என்று தேடுங்கள். வண்டிக்கு அடியில் அட்டை விரித்து வைத்தால் சொட்டிய இடம் தெரியும். வாட்டர் பம்புக்கு (மெக்கானிக்குகள் அதை வாட்டர் பாடி என்பார்கள்) அடியில் ஒரு சின்ன ஓட்டை உண்டு. அதிலிருந்து ஒழுகினால் உள்ளே சீல் போய்விட்டது, அதை அடைக்கக் கூடாது. இன்ஜின் பக்கவாட்டில் காசு மாதிரி பதித்திருக்கும் தகட்டு அடைப்புகளைச் சுற்றித் துருக்கோடு இறங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். பிறகு ஆயில் குச்சி. ஆயில் பால் கலந்த டீ நிறத்துக்கு மாறியிருந்தால் அதில் தண்ணீர் கலந்திருக்கிறது, வண்டியை ஸ்டார்ட்கூடச் செய்யாமல் ஹெட்டைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள்.

சுணையும் பதரும்

டெல்டா வண்டிக்கென்றே இருக்கும் வியாதி இது. குறுவை அறுவடையிலும் தை, மாசியில் சம்பா அறுவடையிலும் ரோடு முழுக்க நெல் காயும். அறுவடை மெஷின் தூற்றுகிற பதர், வைக்கோல் தூள், உடம்பில் பட்டால் அரிக்கும் நுண்துகளான சுணை எல்லாம் ஃபேன் இழுப்பில் நேராக ரேடியேட்டருக்குள் போகும். மழையில் சேற்று வயலைக் கடந்தால் அந்தத் தூள்மேல் களி பூசிக்கொள்ளும். இரண்டு நாள் வெயிலில் அது மண்சுவர் மாதிரி இறுகிவிடும். முன்னாலிருந்து பார்த்தால் ரேடியேட்டர் சுத்தமாகத் தெரியும், அடைப்பு தகடுகளுக்கு நடுவே இருக்கும்.

சோதனை எளிது. இருட்டியபிறகு ஃபேன் பக்கமிருந்து டார்ச் அடிக்கச் சொல்லி முன்னால் நின்று பாருங்கள். வெளிச்சம் பரவலாகத் தெரிய வேண்டும். கறுப்பாகத் தெரியும் இடத்தில் காற்று போவதில்லை. இன்னொன்று: இன்ஜின் ஐடிலில் ஓடும்போது ஒரு செய்தித்தாள் பக்கத்தை ரேடியேட்டரின் முன்பக்கம் பிடியுங்கள். அது ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். கீழே விழுந்தால் ஃபேன் இழுக்கவில்லை.

கழுவும்போது ஃபேன் பக்கமிருந்து முன்னோக்கி, தூசி வந்த வழியாகவே வெளியே தள்ள வேண்டும். முன்னாலிருந்து அடித்தால் பதர் இன்னும் ஆழமாகப் போகும். வாட்டர் சர்வீஸ் துப்பாக்கியை நெருக்கமாக வைத்தால் தகடுகள் மடங்கிக் காற்று வழி நிரந்தரமாக மூடிவிடும். சாதாரண ஹோஸ் தண்ணீரே போதும். முதலில் நனைத்து அரை மணி நேரம் ஊற விடுங்கள், களி தானாக இளகும். அறுவடை மாதங்களில் வாரம் ஒருமுறை இதைச் செய்கிறேன். கிரில்லுக்குப் பின்னால் கொசுவலை கட்டுகிறவர்களும் உண்டு. வலையே அடைத்துக்கொள்ளும் என்பதால் தினமும் உதறுகிறவர்களுக்கு மட்டும்தான் அது சரிவரும்.

பிற்பாடு ஏசி பொருத்திய வண்டியில், ரேடியேட்டருக்கு முன்னால் நிற்கும் ஏசி கண்டன்சருக்கும் ரேடியேட்டருக்கும் இடையில் ஒரு விரல் சந்து இருக்கும். பதர் தங்க அதைவிட வசதியான இடம் இல்லை. கண்டன்சர் போல்ட்டைத் தளர்த்தி முன்னால் சாய்த்தால்தான் கண்ணுக்கே தெரியும்.

பெல்ட், ஃபேன், கூடு

பெல்ட்டின் நீளமான பகுதியின் நடுவில் கட்டை விரலால் அழுத்தினால் 10 முதல் 12 மில்லிமீட்டர் இறங்க வேண்டும். இறுக்கம் சரியாக இருந்தும் வழுக்கும் பெல்ட்டுகள் உண்டு. புல்லியின் பள்ளத்தைப் பாருங்கள். அடித்தளம் பளபளவென்று மின்னினால் பெல்ட் தேய்ந்து அடிவரை இறங்கி ஓடுகிறது. வி-பெல்ட் பக்கச் சுவர்களைப் பிடித்துத்தான் இழுக்க வேண்டும்.

ஃபேனைச் சுற்றியிருக்கும் கூட்டை, இடைஞ்சல் என்று கழற்றிப் போட்டுவிட்ட ஜீப்புகள் நம் பக்கம் நிறைய. கூடு இல்லாவிட்டால் ஃபேன் ரேடியேட்டர் வழியாக இழுக்காமல் பக்கத்தில் கிடைக்கும் காற்றையே சுற்றிவிட்டுக்கொண்டிருக்கும். கிடைக்காவிட்டால் தகரத்தில் செய்து மாட்டுங்கள். இறக்கையின் அகலத்தில் ஏறக்குறையப் பாதி கூட்டுக்குள் இருக்க வேண்டும். இன்ஜின் வேலைக்குப் பிறகு சூடேற ஆரம்பித்திருந்தால் ஃபேனைத் திருப்பி மாட்டிவிட்டார்களா என்றும் பாருங்கள்.

உள்ளே என்ன தண்ணீர்?

இதில் நான் கொஞ்சம் கடுமையாகவே பேசுவேன், ஏனென்றால் நம் ஊர் ஜீப்புகளின் ஆயுளைக் குறைப்பது இதுதான். போர்வெல் தண்ணீரைக் கொதிக்க வைக்கும் பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிறதே, அதே உப்புதான் இன்ஜின் சுவரிலும் ரேடியேட்டர் குழாயிலும் படிகிறது. வேதாரண்யம், நாகை பக்கம் கடலோரக் கிணறுகளில் உவர்ப்பும் சேர்ந்துகொள்ளும், அது உலோகத்தை அரிக்கும். ஜூன் 12-ல் மேட்டூர் திறந்து கல்லணை வழியாகத் தண்ணீர் வந்துவிட்டால் வாய்க்காலில் மொண்டு ஊற்றும் பழக்கம் வேறு. அந்த நீரில் வரும் வண்டல் ரேடியேட்டரின் அடித்தொட்டியில் சேறாகத் தங்கும்.

பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரும் கூலன்ட்டும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுங்கள். கூலன்ட் குளிர் நாட்டுக்குத்தானே என்று கேட்பார்கள். நமக்கு அது வேண்டியது துருப்பிடிக்காமல் இருக்கவும், கொதிநிலையைச் சற்று உயர்த்தவும். கலக்காமல் தனியாக ஊற்றுவதும் தப்பு, சூட்டைத் தூக்கிச் செல்வதில் தண்ணீருக்கு ஈடு இல்லை.

உள்ளே அடைத்திருக்கிறதா என்று அறிய, இன்ஜின் நன்றாகச் சூடானபின் அணைத்துவிட்டு ரேடியேட்டரை மேலிருந்து கீழாக வரிசை வரிசையாகத் துப்பாக்கியால் அளந்து பாருங்கள். சூடு மேலே அதிகமாகத் தொடங்கிச் சீராகக் குறைய வேண்டும். நடுவில் ஒரு திட்டு மட்டும் திடீரென்று குளிர்ந்திருந்தால் அங்கே தண்ணீர் போகவில்லை. பழைய பித்தளை, தாமிர ரேடியேட்டராக இருந்தால் தூக்கிப் போடாதீர்கள். பட்டறையில் தொட்டியைப் பற்றவைப்பிலிருந்து பிரித்து, ஒவ்வொரு குழாயிலும் கம்பி விட்டுச் சுத்தம் செய்து மறுபடி பற்றவைத்துத் தருவார்கள். அலுமினியத்துக்கு இந்த வைத்தியம் பெரும்பாலும் கிடையாது.

மூடியும் தெர்மோஸ்டாட்டும்

மூடியின் வேலை அழுத்தத்தைப் பிடித்து வைப்பது. ஒவ்வொரு பி.எஸ்.ஐ. அழுத்தத்துக்கும் கொதிநிலை ஏறக்குறைய ஒன்றரை டிகிரி உயரும். 7 பி.எஸ்.ஐ. மூடி ஒழுங்காக இருந்தால் தண்ணீர் 110 டிகிரி அளவில்தான் கொதிக்கும். ரப்பர் வெடித்திருந்தால் 100-லேயே கொதித்து வெளியேறும். பார்க்கிறவர்கள் இன்ஜின் கோளாறு என்பார்கள். பழைய மூடியில் எந்த எண் போட்டிருக்கிறதோ அதையே வாங்குங்கள். அதிக எண் நல்லது என்று மாட்டினால் பழைய ரேடியேட்டரின் பற்றவைப்புதான் விட்டுப்போகும்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடுவது நம் பட்டறைகளில் பரவலான பழக்கம். "நம்ம ஊரு வெயிலுக்கு எதுக்கு அது" என்பார்கள். எனக்கு இதில் உடன்பாடே இல்லை. அது இல்லாவிட்டால் இன்ஜின் சரியான சூட்டுக்கு வராமல் டீசல் அதிகம் குடிக்கும், தேய்மானமும் கூடும். பைபாஸ் வழியை (ரேடியேட்டருக்குப் போகாமல் தண்ணீர் இன்ஜினுக்கே திரும்பும் பாதை) மூடும் வகைத் தெர்மோஸ்டாட் உள்ள இன்ஜின்களில் அதை எடுத்துவிட்டால், தண்ணீரில் ஒரு பகுதி ரேடியேட்டர் பக்கம் போகாமலே சுற்றும். சூடு குறைவதற்குப் பதில் கூடும்.

சோதிக்க அடுப்படி போதும். பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, நூலில் கட்டி அடியில் படாமல் தொங்கவிட்டு, கூடவே தெர்மாமீட்டரையும் பிடியுங்கள். தகட்டில் 82 என்று அடித்திருந்தால் அதை ஒட்டி வாய் திறக்கத் தொடங்க வேண்டும், இன்னும் பத்துப் பன்னிரண்டு டிகிரி ஏறுவதற்குள் நன்றாகத் திறந்துவிட வேண்டும். தண்ணீர் தளதளவென்று கொதித்தும் வாயைத் திறக்கவில்லை என்றால் கதை முடிந்தது. புதிதாக வாங்கியதையும் மாட்டுவதற்கு முன் இப்படிப் பார்த்துவிடுங்கள்.

கேஸ்கட்தானா என்று உறுதி செய்ய

இதுவரை எதுவும் சிக்கவில்லை என்றால் இப்போதுதான் ஹெட்டைச் சந்தேகப்பட வேண்டும். சந்தேகம் போதாது, சாட்சி வேண்டும்.

ஆறிய இன்ஜினில் மூடியை எடுத்துவிட்டு, தண்ணீரைக் கழுத்துவரை நிரப்பி ஸ்டார்ட் செய்யுங்கள். முதல் நிமிடத்திலேயே குமிழி விடாமல் வந்தால் சிலிண்டர் வாயு தண்ணீருக்குள் வருகிறது. பம்ப் இழுக்கும் காற்றாக இருக்குமோ என்ற சந்தேகம் தீர, பெல்ட்டைக் கழற்றிவிட்டு ஒரு நிமிடம் மட்டும் ஓட்டிப் பாருங்கள். அப்போதும் குமிழி வந்தால் அது வாயுதான். மூடி போட்டு ஸ்டார்ட் செய்த ஓரிரு நிமிடத்தில், தண்ணீர் இன்னும் வெதுவெதுப்பாகக்கூட ஆகாதபோதே, மேல் ஹோஸ் கல் மாதிரி இறுகினாலும் இதே பொருள். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில் காலையில் மூடியைத் திறக்கும்போது புஸ் என்று காற்று வந்தாலும் அப்படித்தான். ரேடியேட்டர் கழுத்தில் வைத்துச் சோதிக்கும் நீலத் திரவமும் சில பட்டறைகளில் உண்டு, வாயு கலந்தால் நிறம் மாறிவிடும்.

சாட்சி கிடைத்து ஹெட்டைக் கழற்றினால் கேஸ்கட்டை மட்டும் மாற்றி மூடாதீர்கள். ஹெட்மேல் நேரான இரும்புப் பட்டை வைத்து, இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜால் வளைவு பார்க்கச் சொல்லுங்கள், விரிசலுக்கு பிரஷர் டெஸ்ட்டும் கேளுங்கள்.

இன்ஜினுக்கு வெளியே

ஓட்டி வந்து நிறுத்தியதும் நான்கு சக்கரங்களின் பிரேக் டிரம்மையும் துப்பாக்கியால் அளந்து பாருங்கள். ஒன்று மட்டும் கொதித்தால் அந்த பிரேக் பிடித்துக்கொண்டு இன்ஜினுக்குச் சுமையாகிறது. தார் ரோட்டில் ஃபோர் வீலை விலக்காமல் ஓட்டுவதும் அப்படித்தான். படுகை மணலிலும் சேற்றிலும் ஹை ரேஞ்ச் முதல் கியரில் கிளட்ச்சை மிதித்து மிதித்து இழுக்காமல் லோ ரேஞ்சைப் போடுங்கள். இன்ஜின் வேகமாகச் சுற்றுவதால் ஃபேனும் பம்பும் வேகமாகச் சுற்றும், இன்ஜின்மேல் விழும் பாரமும் குறையும். இழுவை குறைந்து கரும்புகை வந்தால் பம்ப், நாசில், டைமிங் மூன்றையும் டீசல் பம்ப் பட்டறையில் காட்டுங்கள்.

திரும்ப நிரப்புவது

வடித்த கூலன்ட்டை வாய்க்காலிலோ களத்திலோ ஊற்றவே கூடாது. அதிலிருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிக்கும், ஆடு, மாடு, நாய் எது குடித்தாலும் உயிருக்கு ஆபத்து. கேனில் பிடித்து மூடி, குழந்தைகளுக்கு எட்டாமல் வைத்துப் பட்டறையில் கொடுத்துவிடுங்கள்.

நிரப்பும்போது வண்டியின் மூக்கு மேலே இருக்கும்படி வரப்பிலோ மேட்டிலோ ஏற்றி நிறுத்துங்கள். தெர்மோஸ்டாட்டில் சின்னத் துளை இருந்தால் அது மேல்பக்கம் வர வேண்டும், காற்று அதன் வழியாகத்தான் வெளியேறும். மெதுவாக ஊற்றி, மூடி போடாமல் ஐடிலில் ஓட்டி, மேல் ஹோஸை அவ்வப்போது அமுக்கி விடுங்கள். தெர்மோஸ்டாட் திறந்ததும் மட்டம் சட்டென்று இறங்கும். மீண்டும் நிரப்பி மூடுங்கள்.

பிறகு, எந்த வழியில் சூடேறியதோ அதே வழியில், அதே வேகத்தில், முடிந்தால் அதே நேரத்தில் ஓட்டிப் பாருங்கள். வயக்கரையில் ஏறிய சூட்டைத் தஞ்சாவூர் ரோட்டில் சோதித்தால் ஒன்றும் தெரியாது. மறுநாள் காலை மட்டத்தைப் பாருங்கள். கொஞ்சம் இறங்கியிருந்தால் மிச்சக் காற்று வெளியேறியிருக்கிறது, நிரப்பிவிடலாம். மூன்றாம் நாளும் இறங்கினால் வண்டிக்கு அடியில் மறுபடியும் அந்த அட்டையை விரியுங்கள்.